நாலாம் தொட்டியில் ஐந்து பேர்

நான் ஆலைக்குக் கொடுக்க வேண்டியது பதினான்காயிரத்து முந்நூறு ரூபாய். கை நீட்டி வாங்கிய கடன் இல்லை. கைப்பட்டை அழுத கடன்.

சாயக்கழிவுத் தொட்டிக்குள் இறங்குகிறவர்கள் கட்டிக்கொள்ளும் பட்டை அது. உள்ளே விஷக்காற்று ஏறினாலும் நாடி தடுமாறினாலும் வீரிட்டு அழும். அழுதால் எல்லாரும் மேலே ஏறிவிட வேண்டும். வேலை நிற்கிற நேரத்துக்கு நூற்று முப்பது ரூபாய், யாருடைய பட்டை அழுததோ அவர் பேரில் ஏறும். முதல் பதினான்கு மாதத்தில் என் பட்டை நூற்றுப் பத்து முறை அழுதது. அந்தப் பணத்தைக் கட்டி முடிக்கும்வரை என் எண் இந்த ஆலையோடு பூட்டிக் கிடக்கும். வேறு எங்கேயும் வேலைக்குச் சேர்க்க மாட்டார்கள்.

பட்டைக்குள் ஓடும் நிரலுக்கு மூச்சு என்று பெயர். அதற்கு முதலாளி கிடையாது. நாற்பது நாட்டு ஆட்கள் சம்பளம் வாங்காமல் கூடி எழுதுகிறார்கள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். ஓப்பன் சோர்ஸ் என்கிறார்கள். சட்டப்படி மூச்சு சரி என்றால்தான் தொட்டி மூடியின் பூட்டுத் திறக்கும். ஆள் இறங்கும் முன் ஒரு மணி நேரம் புளோயர் வைத்துக் காற்றடிக்க வேண்டும் என்பது மூச்சு போட்ட விதி. நாங்கள் உயிரோடு இருந்தது அந்த ஒரு மணி நேரத்தால்.

போன வருஷம் நாலாம் தொட்டிக்குள் நான் மயங்கி விழுந்துவிட்டேன். அழுகிய முட்டை நாற்றம் இருக்கும்வரை பயமில்லை, நாற்றம் நின்றால்தான் பயப்பட வேண்டும்; விஷம் மிஞ்சினால் மூக்கு மரத்துவிடும். அன்றைக்கு நாற்றம் சட்டென்று நின்றது. மயிலாத்தாள்தான் கயிற்றைக் கட்டி இழுத்து மேலே போட்டாள். அதன் பிறகு பத்துப் படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்குகிறது. வேலையை விட்டுப் போகவும் முடியாது, கடன் இருக்கிறது. எங்கள் கூட்டத்து ஆட்களே எனக்கு ஒரு வேலை கண்டுபிடித்தார்கள்.

நாங்கள் ஐந்து பேர். நான், மயிலாத்தாள், ஒடிசாக்காரன் பிகாஷ், சேலத்து அண்ணன் தம்பி இரண்டு பேர். அவர்கள் நாலு பேரும் பட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு இறங்குவார்கள். நான் மேலே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து ஐந்து பட்டையையும் கட்டிக்கொள்வேன். கைக்கு ஒன்று, கணுக்காலுக்கு ஒன்று, ஒன்று மட்டும் முழங்கைக்கு மேலே. ஒன்றை இறுக்கி, ஒன்றைத் தளர்த்திக் கட்டினால் ஐந்தும் ஐந்து விதமாகக் காட்டும். நடுநடுவே எழுந்து, சேறு வாருகிற மாதிரி கையை வீசுவேன். பட்டை அழாது, யார் பேரிலும் கடன் ஏறாது. கீழே இருக்கிறவர்களுக்கு எங்கள் பழைய முறைதான். கயிறு இடுப்பில் இருக்கும், வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்க வேண்டும். பேச்சு குழறினால் இழுத்துவிடுவேன். பிகாஷ் சினிமாக் கதை சொல்வான். மயிலாத்தாள் என்னைத் திட்டுவாள்.

இப்படியே மூன்று வருஷம் ஓடியது என்று யாராவது சொன்னால் நம்பியிருப்பேன். உண்மையில் பதினோரு மாதம்தான்.

பட்டையில் பேசுவதற்கு ஒரு பொத்தான் உண்டு. குறை இருந்தால் சொல்லலாம். வியர்வையில் வார் வழுக்குகிறது என்று ஒருநாள் சொன்னேன். மறுநாள் கனடாவிலிருந்து, மூச்சை எழுதுகிறவர்களில் ஒரு பெண் கூப்பிட்டாள். பெயர் தர்ஷிகா, யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வாருக்கு வேறு துணி மாற்றச் சொல்லி எழுதினாள், மாற்றியும் விட்டார்கள். அதிலிருந்து மாதம் ஒருமுறை பேசுவாள். என்னை அண்ணை என்பாள். நான் அவளைத் தாயி என்பேன். ஐந்து பட்டை விஷயம் அவளுக்குத் தெரியாது.

சனிக்கிழமை மத்தியானம், சோற்று வேளையில் கூப்பிட்டாள்.

"அண்ணை, இருந்துகொண்டு கேளுங்கோ. உங்கட நாலாம் தொட்டிதான் இப்ப உலகத்திலேயே பெரிய ஆள்."

"என்னங்க தாயி சொல்றீங்க?"

"பதினொரு மாசமா ஒருக்காக்கூட அலாரம் அடிக்கேல்ல. ஐஞ்சு பேர், ஐஞ்சு உடம்பு. ஒரு பொம்பிளை, ஒரு வடநாட்டுப் பெடியன், வயசு போன நீங்கள். இப்பிடிப் பலவிதமான ஆக்களிட பதிவு வேற எங்கயும் இல்லை. அதை வச்சுத்தான் மூச்சுக்கு ஒன்பதாவது பதிப்பு செய்திருக்கிறம். திங்கட்கிழமை வெளியால வருது."

"அதுல என்னங்க புதுசு?"

"உங்கட தொட்டி மாதிரி அமைப்பில இருக்கிற தொட்டியளுக்கு இனி அந்த ஒரு மணித்தியாலக் காத்து தேவையில்லை. நேராய் இறங்கலாம். இரண்டாயிரத்து முந்நூறு தொட்டி அண்ணை, பன்னிரண்டு நாட்டில!"

என் கையில் சோறு பிசைந்தபடி இருந்தது. வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அவர்கள் குழுவில் கூட்டம். பன்மைத்துவ அறிக்கை ஒன்று வைப்பதா வேண்டாமா என்று ஓட்டுப் போடுகிறார்கள். எந்த ஊர், எந்தச் சாதி, எந்த மொழி, ஆணா பெண்ணா, படித்தவரா படிக்காதவரா, யாராக இருந்தாலும் இந்தக் குழுவில் இடம் உண்டு என்று எழுதி வாசலில் மாட்டுகிற அறிக்கை. முக்கியமாக, பட்டையைக் கட்டுகிறவர்களும் உறுப்பினர்கள் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. உறுப்பினர் சொன்னால் ஒரு பதிப்பையே நிறுத்தி வைக்கலாம். இப்போது எங்களைப் போன்றவர்கள் சொல்வதை வாசல் என்கிற ஒரு எந்திரம் வாங்கி, பட்டைப் பதிவோடு ஒத்துப் பார்த்து, ஒத்துவராவிட்டால் மூடிவிடுகிறதாம்.

"கொஞ்சப் பேருக்கு விருப்பமில்லை. நிரலுக்கு ஆளைத் தெரியாது, பிறகேன் அறிக்கை எண்டு கேக்கினம். நீங்கள் வந்து இரண்டு நிமிசம் கதைச்சால் போதும் அண்ணை. உங்கட குழுதான் எங்களிட சாட்சி."

சரிங்க என்று சொல்லி வைத்துவிட்டேன். சாட்சியாம்.

சூப்பர்வைசர் சென்னியப்பனுக்குச் செய்தி முன்னமே வந்திருந்தது. புளோயரைத் துடைத்துத் தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சார்ங்க, திங்கக்கிழமை காத்தடிக்காம எறக்கறீங்களா?"

"ஏண்டா மூர்த்தி, உனக்கு என்ன நோவுது? நீ எறங்கறயா? வாளி மேல உக்கோந்திருக்கறவன்தானே?"

"உங்களுக்குத் தெரியுமுங்களே, பதிவு எப்படி வந்துதுன்னு."

அவர் தோளில் கிடந்த துணியை எடுத்து உதறினார். குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு என்றா தெரியும்? பட்டைய மாத்திக் கட்டறது ரெண்டு வருஷம் உள்ள போடற குத்தம். அஞ்சு பேரும் சேந்து பண்ணது. நான் பாக்கல. பாத்தேன்னு நீ சொன்னா அதுக்குப் பதிவு இருக்குதா?" பிறகு சிரித்தார். "போய்ச் சோத்தத் தின்றா. உன்னாலதான் நம்ம ஆலை பேரு உலகம் பூரா தெரியுது."

பிகாஷிடம் சொன்னேன். அவன் இங்கே வந்து ஒன்பது வருஷம் ஆகிறது, எங்களைவிட எங்கள் பேச்சு அவனுக்கு நன்றாக வரும்.

"போச்சாது விடுங்கண்ணா. நானென்ன மொத தடவையா எறங்கறேன்? வழக்கத்தவிட எச்சாப் பேசுனா சரியாப் போயிரும். ரெண்டு படத்துக் கதை சொல்றேன்."

"காத்தடிக்காம அந்தத் தொட்டில ஒரு பாட்டு முடிக்க மாட்டே பிகாஷு."

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்தால் எனக்குக் கை தானாகக் கயிற்றைத் தேடும். அன்றைக்கும் தேடியது.

மயிலாத்தாள் மட்டும் தெளிவாக இருந்தாள். "வாயத் தொறந்தீன்னா நாம அஞ்சு பேரும் ஜெயிலு. எம்புள்ளைக்கு அடுத்த மாசம் பரீட்சை. நாளைக்கு நானும் வந்து உம்பக்கத்துலயே உக்காந்துக்கறேன். நீ நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு போன வையி."

"அப்ப திங்கக்கிழமை?"

"ஒடம்பு சரியில்லைன்னு லீவு போட்டுக்கலாம்."

"நாம போட்டுக்கலாம். மத்த ரெண்டாயிரத்துச் சொச்சம் தொட்டிக்கு யாரு லீவு போடறது?"



அன்றிரவு தூக்கமில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு என் வீட்டில் நானும் மயிலாத்தாளும் பிகாஷும் போனைச் சுற்றி உட்கார்ந்தோம். மயிலாத்தாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நான் தப்பாக ஏதாவது சொன்னால் கிள்ளுவதற்கு.

நூற்றுச் சொச்சம் பேர் கூட்டத்தில் இருந்தார்கள். யார் எந்த மொழியில் பேசினாலும் போன் தமிழில் சொன்னது. எதிர்த்துப் பேசியவர் பெங்களூரில் இருக்கும் ரகோத்தமன். வாசல் எந்திரத்தை எழுதியவர் அவர்தான். தமிழிலேயே பேசினார்.

"எனக்கு யார் மேலயும் வெறுப்பு இல்லைங்க. ஒரு ஆள் யாருன்னு பாத்து அவர் சொல்றத ஏத்துக்கிட்டா, நாளைக்கு யாருன்னு பாத்தே தள்ளவும் செய்வோம். அதனாலதான் பதிவ மட்டும் பாருங்கன்னு சொல்றேன். பதிவுக்குச் சாதி இல்லை. அறிக்கை எழுதி வாசல்ல மாட்டுறது சுலபம். மாட்டின பிறகு எல்லாரும் உள்ள வந்துட்டாங்கன்னு நாமே நம்பிக்குவோம். அதுதான் எனக்குப் பயம்."

அவர் பேச்சு எனக்குத் தப்பாகப் படவில்லை. பயமாகத்தான் இருந்தது.

தர்ஷிகா பதில் சொன்னாள். அங்கே விடிகாலை, கொட்டாவியை அடக்கிக்கொண்டு பேசினாள். "வாசலுக்கு வெளியால நிக்கிறவைக்கு உள்ள வரலாமெண்டு ஆராவது சொல்லவேணும். சொல்லாட்டில் அவையள் வரமாட்டினம். நாலாம் தொட்டியைப் பாருங்கோ. மயிலாத்தாள் எண்ட அக்கா, முப்பத்தொன்பது வயசு. பதினொரு மாசம் அந்தச் சூட்டுக்குள்ள இறங்கியிருக்கிறா. நாடி ஒருநாளும் தடுமாறேல்ல, மூச்சு ஒருநாளும் திணறேல்ல. தொட்டிக்குள்ள பொம்பிளையளிட பதிவு உலகத்திலயே இது ஒண்டுதான். இனி எந்த நாட்டிலயும் பொம்பிளை இறங்கினால் அவவிட பதிவை வச்சுத்தான் பாதுகாப்பு."

மயிலாத்தாள் முதலில் சிரித்துவிட்டாள். "எம்மூச்சு திணறலையாமா? போன ஐப்பசில வாந்தி எடுத்தது யாராமா?" என்று என் காதில் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது சிரிப்பு நின்றிருந்தது.

"மூர்த்தி. எந்த நாட்டுல எறங்கற பொம்பளைக்கும் எம்பேரச் சொல்லித்தான் எறக்குவாங்களா?"

"அப்படித்தான் சொல்லுது அந்தப் புள்ள."

"அது எம்மூச்சே இல்லயே. உன்ர மூச்சு."

என் மணிக்கட்டை விட்டாள். "சொல்லிப்போடு," என்றாள். பிகாஷ் தலையை மட்டும் ஆட்டினான்.

என் முறை வந்தது. வணக்கம் சொன்னேன். 

"நான் திருமூர்த்திங்க. நாலாம் தொட்டி. அந்தத் தொட்டில நீங்க சொல்ற அஞ்சு பேரும் நான்தானுங்க. மத்தவங்க பட்டைய நான் கட்டிக்கிட்டு மேல உக்காந்திருந்தேன். கீழ போனவங்க வெறுங்கையோட போனாங்க. பதினோரு மாசமா நீங்க பாத்தது வாளி மேல உக்காந்திருந்தவன் மூச்சு. நாளைக்கு அந்த ஒரு மணி நேரத்த எடுத்துராதீங்க. எடுத்தா ஆளுங்க செத்துருவாங்க."

 இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பிகாஷ் எட்டிப் பார்த்தான். அப்போது ஒரு எந்திரக் குரல் வந்தது. வாசல். "இந்தக் கூற்று பதிவோடு ஒத்துப்போகவில்லை. மூடப்படுகிறது."

"பதிவே பொய்ங்க! பொய்யோட எப்படி ஒத்துப்போகும்?" மயிலாத்தாள் போனைப் பிடுங்கிக் கத்தினாள். "நான்தான் மயிலாத்தாள். நான் வாந்தி எடுத்திருக்கேன்!"

ஆளாளுக்குப் பேசத் தொடங்கினார்கள். அறிக்கை வேண்டாம் என்கிறவர்களின் ஏற்பாடு இது என்றது ஒரு குரல். இப்படிப்பட்டவர்களையா உறுப்பினராக்கச் சொல்கிறீர்கள் என்றது இன்னொன்று. தர்ஷிகா மெதுவாகக் கேட்டாள்: "அண்ணை, எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே?"

"பட்டை நல்லா இருக்கான்னு மாசாமாசம் கேட்டீங்க தாயி. கட்டியிருக்கறது யாருன்னு கேக்கலீங்க. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனான்னு தெரியலீங்க. பயம்."

"ஒரு நிமிஷம்." ரகோத்தமன் குரல். "ஐந்து பட்டையோட அசல் நாடித் துடிப்ப எடுத்துப் பாக்கறேன். இதுவரை நிமிஷக் கணக்கு சராசரியத்தான் பாத்திருக்கோம்."

ஒரு நிமிஷம் என்றவர் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். யாரும் போகவில்லை. மயிலாத்தாள் புடவை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள்.

"திருமூர்த்தி சார்," என்றார் கடைசியில். குரல் மாறியிருந்தது. "உங்களுக்கு டாக்டர்கிட்ட போற வழக்கம் உண்டா?"

"இல்லீங்க."

"உங்க இதயம் அப்பப்ப ஒரு துடிப்பத் தவற விடுது. பதினோரு மாசத்துல ஆயிரக்கணக்கான தடவை. ஐந்து பேரோட பட்டையிலயும் அதே நொடியில, ஒரே மாதிரி தவறுது. ஐந்து பேருக்கு அப்படி நடக்காது." நிறுத்தினார். "ஒன்பதாவது பதிப்ப நான் நிறுத்தறேன். பதிப்ப வெளியிடற சாவி என்கிட்ட இருக்கு. அறிக்கை வந்தாலும் வராட்டாலும். நீங்க முதல்ல போய் நெஞ்சக் காட்டுங்க."

பிகாஷ் என்னைக் கட்டிக்கொண்டான். மயிலாத்தாள் அழுதாள். நான் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நூறு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள், என் சொல்லை எடுத்துக்கொள்ளவில்லை. என் நாடியை எடுத்துக்கொண்டார்கள். அது நல்ல நாடியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

திங்கட்கிழமை காலை ஆலை வாசலில் போலீஸ் நிற்கும் என்று எண்ணிக்கொண்டுதான் போனேன். யாரும் இல்லை. தார்ப்பாயை எடுத்துவிட்டுப் புளோயரை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலைக் கேட்டதும் கொஞ்சம் உயிர் வந்தது. சென்னியப்பன் என்னை அறைக்குள் கூப்பிட்டார். திட்டுவார் என்று பார்த்தால் நாற்காலி போட்டார்.

"மூர்த்தி, மேல இருந்து உத்தரவு வந்திருக்குது. உங்க அஞ்சு பேரு பதிவும் பொய்ப் பதிவு. அடியோட அழிச்சுட்டாங்க. அஞ்சு நம்பரும் இப்ப இல்ல. பதிவே இல்லைன்னா குத்தம் எங்க இருக்குது, கேசு எங்க இருக்குது? நீயும் பொழச்ச, ஆலையும் பொழச்சுது." திரையை என் பக்கம் திருப்பினார். "உன்ர கடனையும் பாரு."

பெயருக்கு எதிரே பூஜ்யம் இருந்தது.

"அந்தக் கடன் நம்பர் மேல இருந்துச்சு. நம்பர் போச்சு, கடனும் போச்சு. எந்த ஆலைக்கு வேணும்னாலும் போயிக்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. 

"சார்ங்க, மொதப் பதினாலு மாசம் நானே கட்டி எறங்குனனுங்களே. நூத்திப் பத்து தடவ அழுதுச்சே. அது நெசமுங்க. அதுவுமா அழிஞ்சுது?"

"ஒரே நம்பருதானே. அதுல பாதி நெசம் பாதி பொய்யின்னு யாரு உக்காந்து பிரிப்பா? நாலாம் தொட்டி இப்பப் புதுத் தொட்டி. ஒரு அழுகையும் கெடையாது. ஆறு மாசம் காத்தடிச்சுப் பாப்பாங்க, பட்டை அழுகாட்டி அந்த ஒரு மணி நேரத்த எடுத்துருவாங்க. புது ஆளுங்க வந்திருக்காங்க, புதுப் பட்டை."

சன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஆறு பேர் வரிசையாக நின்று மணிக்கட்டை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் வயதானவர் ஒருவர், இருமிக்கொண்டு, வாளிக்குப் பக்கத்தில் நின்றார்.

போன் துடித்தது. தர்ஷிகா. "அண்ணை, அறிக்கை வெண்டிட்டுது. அறுபத்தொண்டுக்கு நாப்பத்தெட்டு. பட்டை கட்டினவை எல்லாரும் உறுப்பினர். ரகோத்தமனும் கடைசியில ஆமெண்டு போட்டவர்."

"சந்தோசம் தாயி. அப்ப நான் உறுப்பினருங்களா? நாலாம் தொட்டி நூத்திப் பத்து தடவ அழுதுச்சுன்னு ஒரு குறை எழுதோணும்."

எதிர்ப்பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

"உங்கட நம்பர் இல்லை எண்டு வருது அண்ணை. நீங்கள் பட்டை கட்டினதுக்கே பதிவில்லையாம். நான்... நான் கதைச்சுப் பாக்கிறன்."

"பாருங்க தாயி," என்றேன்.

சென்னியப்பன் ஒரு தாளை நீட்டினார். நாற்பது வயதுக்கு மேல் கற்ற எழுத்து, விரலை வைத்துத்தான் படிப்பேன். 'ஆலைக்கு இவர் கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை. ஆலையிடம் இவர் கேட்க வேண்டியதும் எதுவும் இல்லை.' இரண்டு முறை படித்தேன். அந்தத் தொட்டி நூற்றுப் பத்து முறை என்னைக் கொல்லப் பார்த்தது. அதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தப் பதினான்காயிரத்து முந்நூறு ரூபாய்தான்.

"என்றா யோசிக்கற? கடன் தீர்றதுக்கு யாராவது யோசிப்பாங்களா?"

வெளியே புளோயர் நின்றது. மூடி திறக்கும் சத்தம் கேட்டது. நான் கையெழுத்துப் போட்டேன்.